ஒன்பது, நூற்று அறுபத்து நான்கு ஆன காலை

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. நடந்தது மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி இருக்கும் என் வீட்டில். ஆனால் அப்போது நான் அங்கே இல்லை. வளைகுடாக் கடலில், கரையே கண்ணில் படாத ஓர் எண்ணெய் மேடையில் வேலையில் இருந்தேன். நடந்த இடத்தில் இல்லாத ஒருவன் 'என் அனுபவம்' என்று எழுத உட்காருவது வேடிக்கையாகத்தான் இருக்கும். முழுசாகப் படித்தால் உங்களுக்கே புரியும்.

முதலில் என்னைப் பற்றி. சொந்த ஊர் அனுமந்தை. வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். நான் மட்டும் படகில் இருந்த வயர்லெஸ் பெட்டியைக் கழற்றிப் பார்த்து அப்பாவிடம் உதை வாங்கியவன். அந்தக் கிறுக்கு போகவே இல்லை. ஐ.டி.ஐ. படித்து இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் ஆனேன். தனியாகப் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸும் வாங்கினேன். வியாபாரம் கலக்காமல், ஆசைக்காகவும் ஆபத்துக் காலத்தில் உதவிக்காகவும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்கிறவர்களைத்தான் ஹாம் என்பார்கள். எந்தெந்த நாட்டிலோ எனக்கு நண்பர்கள் உண்டு. எங்கள் தெருக்கோடி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது.

மனைவி மரக்காணத்துக்காரி. உப்பளக் குடும்பம். காதல் கல்யாணம்தான். மீன்காரனும் உப்புக்காரியும் சேர்ந்தால் கருவாடுதான் மிச்சம் என்று கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். அவளுடைய அப்பாவுக்குப் பிறகு அவர்கள் குத்தகைப் பாத்திகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பொங்கல் கழிந்து வேலை ஆரம்பித்தால் மழை இறங்கும் வரை அவளுக்கு வீடு, பாத்தி, என் அம்மா இந்த மூன்றுதான் உலகம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அம்மாவையும் அவளையும் விட்டுவிட்டு நான் கடல் நடுவே போய் உட்கார்ந்திருந்தேன்.

ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு பெட்டி செய்தேன். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். கூடவே ஒரு பேட்டரி, ஒரு சோலார் பேனல். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது ஐந்து எண்களை அனுப்பும். பேட்டரி எவ்வளவு இருக்கிறது, பேனலில் வெயில் எவ்வளவு விழுகிறது, காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, ஈரப்பதம். அவ்வளவுதான். பாண்டிச்சேரியில் இருக்கும் ஹாம் நண்பர் ஒருவர் தன் வீட்டு மாடியில் அதைப் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவார். நான் ஊரில் இல்லாததால் பெட்டிக்குப் பொறுப்பும் அவரே. பெருமுக்கல் மலை மேலே ஏறி நின்றுகூட இருவரும் சோதித்துப் பார்த்தோம். இப்படித் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளின் நிலைமையை அளவெடுத்து வானொலி வழியே சொல்வதற்குப் பெயர்தான் டெலிமெட்ரி. ராக்கெட்டுக்கும் சேட்டிலைட்டுக்கும் செய்வதை நான் உப்புப் பாத்திக்குச் செய்தேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்டி அனுப்புவது நிஜ அளவு இல்லை. பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஏதோ ஓர் எண். அதை எதால் பெருக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். பேட்டரி 210 என்று வந்தால் பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். 200 என்றால் பன்னிரண்டு. இந்தக் கணக்கையும் பெட்டி அவ்வப்போது சொல்லிவிடும். இன்டர்நெட்டில் போட்டுப் பார்த்தால் வோல்ட், டிகிரி என்று எல்லாம் அழகாக மாறி வரும்.

பாத்தி ஓரத்தில் கம்பம் நட்டு அதை மாட்டிய அன்று அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பேட்டரி, வெயிலு, தண்ணியோட டிகிரி, எல்லாத்தையும் நான் அங்கேயிருந்தே பார்ப்பேன்" என்று அளந்தேன். "பரவாயில்லையே" என்றாள். புருஷன் கெட்டிக்காரன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நான் குளிர்ந்துபோனேன்.

டிகிரி என்ற அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு டிகிரி என்றால் சூடு இல்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கு. ஒரு கண்ணாடிக் குழலைத் தண்ணீரில் மிதக்க விட்டு அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு கட்ட ஆரம்பிக்கும். இருபத்தொன்பதைத் தொட்டுவிட்டால் தண்ணீர் கசந்துபோகும், அதற்கு மேல் வைத்திருந்தால் உப்பும் கெட்டுவிடும். மடையைத் திறந்து வடித்துவிட வேண்டியதுதான். மரக்காணத்தில் மருமகனாகி ஏழு வருடம் ஆகியும் இது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பாத்தியில் இறங்கியிருந்தால்தானே தெரிவதற்கு.

நான் மறுபடி வேலைக்குப் போய்விட்டேன். சித்திரை மாதம். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். மூன்று நாளாகப் பாத்திப் பக்கம் போகவில்லை. காலையில் எனக்குப் போன் போட்டாள். "ஏங்க, பொட்டியில பாத்து சொல்லுங்க, நம்ம பாத்தி எத்தினி டிகிரி இருக்குது?"

நான் ஷிஃப்ட் அவசரத்தில் இருந்தேன். போனைப் பார்த்தேன். தண்ணீர், இருபத்தொன்பது டிகிரி. அப்படியே சொன்னேன். "அய்யய்யோ, அதுக்குள்ளயா" என்று வைத்துவிட்டாள். எதற்கு இவ்வளவு பதற்றம் என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

அவள் பக்கத்துப் பாத்திக்காரருக்குப் போன் செய்து மடையைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். அவரும் நல்ல மனசோடு ஓடிப்போய்த் திறந்துவிட்டார். நான் சொன்னது காலைநேரத் தண்ணீரின் சாதாரண சூடு. உப்பின் கணக்கில் பாத்தி அப்போதுதான் இருபத்தைந்தைத் தொட்டிருந்தது. அடியில் வெள்ளையாகக் கட்ட ஆரம்பித்திருந்த உப்பும், வாரக்கணக்கில் வெயிலில் காய்ச்சிச் சேர்த்த தண்ணீரும் ஓடையில் போய்விட்டது.

சாயங்காலம் அழுதுகொண்டே சொன்னாள். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். தப்பு பாதிக்கு மேல் என்னுடையது. ஆனால் என் பெட்டியைக் குறை சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டி சரியாகத்தான் சொன்னது, கேட்டவளுக்குத்தான் விவரம் இல்லை என்று குதித்தேன். அத்தோடு விட்டேனா? "பத்தாவதோட நின்ன உனக்கு டெலிமெட்ரி எங்க புரியப்போவுது" என்று ஒரு வார்த்தையையும் விட்டேன்.

அவள் அழுகை நின்றது. பிறகு, "உங்க டிகிரி வேற, எங்க டிகிரி வேறன்னு நீங்கதான சொல்லியிருக்கணும். நான் படிக்காதவ, சரி. நீங்க படிச்சவருதான" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. சண்டைகூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. 'அம்மாவுக்குக் கண் சரியாயிடுச்சி.' 'கேஸ் வந்திருச்சி.' இப்படி ஒரு வரி மெசேஜ். நான் போன் போட்டால் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். நானும் என்ன செய்திருக்க வேண்டும்? லீவு வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அய்யாவுக்கு ரோஷம். இவள் முதலில் பேசட்டும் என்று வரவேண்டிய லீவையும் தள்ளிப்போட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆனால் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. அவள்தான் என்னிடம் பேசவில்லை, அவள் பாத்தி பேசியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஏழு மாதமும் அந்த ஐந்து எண்களைப் பார்க்காமல் நான் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அங்கேயும் இங்கேயும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். எனக்கு இன்னும் இருட்டாக இருக்கும்போதே போனில் பேனல் எண் இரண்டு, ஐந்து, பன்னிரண்டு என்று ஏற ஆரம்பிக்கும். ஊரில் விடிகிறது என்று அர்த்தம். அவள் எழுந்து வாசலில் தண்ணீர் தெளித்திருப்பாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திக்குக் கிளம்பியிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன். மத்தியானம் காற்றின் சூடு முப்பத்தெட்டு என்று காட்டும். இந்த வெயிலில் உப்பு வாருகிறாளே, மோராவது குடித்தாளா என்று மனசு அடித்துக்கொள்ளும். பெட்டியில் அதற்கு எண் கிடையாது. கேட்கலாம் என்று பார்த்தால் போன் அம்மா கைக்குத்தான் போகும்.

ஐப்பசியில் ஒருநாள் தண்ணீரின் சூடும் காற்றின் சூடும் ஒரே எண்ணாக வர ஆரம்பித்தது. முதலில் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. பேனலில் வெயில் குறையவில்லை, அப்படியென்றால் மழை வருகிறதென்று அவள் பெட்டியைப் பாத்தியிலிருந்து எடுத்து வீட்டு மொட்டை மாடியில் வைத்திருக்கிறாள். தண்ணீரில் கிடந்த சென்சார் இப்போது காற்றில் தொங்குகிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டு போய் தண்ணீர் ஏறாத இடத்தில் வைத்திருக்கிறாளே என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம். போன் செய்து நன்றி சொன்னேனா என்றால் அதுவும் இல்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. எங்கள் கரைக்கே வருகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். அவளிடமிருந்து கடைசியாக வந்த மெசேஜ், 'கரன்ட் இல்ல. அத்தை நல்லா இருக்காங்க. சார்ஜ் போவப்போவுது.' அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் போன், பக்கத்து வீட்டுப் போன், அனுமந்தையில் என் சித்தப்பா மகன் போன், எல்லாம் ஒரே பதில்தான். பாண்டிச்சேரி நண்பரும் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால் கடைசியாக வந்த எண்ணே உறைந்து நின்றது. செய்தியில் மரக்காணம் என்று பெயர் சொல்லி, தண்ணீருக்குள் நிற்கும் வீடுகளைக் காட்டினார்கள். அதில் எங்கள் வீடு இருக்கிறதா என்று போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினேன்.

எண்ணெய் மேடையிலிருந்து நினைத்த நேரத்துக்கு இறங்க முடியாது. ஹெலிகாப்டர் வந்தால்தான் உண்டு. சூப்பர்வைசரிடம் கேட்டேன், பார்க்கலாம் என்றார். ஒரு நாள் முழுக்க அப்படியே போனது.

மறுநாள் காலை தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பெங்களூரில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை. அவரும் ஹாம். என்னை அவருக்குத் தெரியாது. பாண்டிச்சேரியில் கரன்டும் இல்லை, போனும் இல்லை. எங்கள் நண்பர் கார் பேட்டரியில் தன் செட்டை ஓட்டி, என் பெட்டியின் சிக்னலைப் பிடித்து, ஷார்ட்வேவில் யாராவது கேட்கிறீர்களா என்று கூப்பிட்டிருக்கிறார். இந்த அம்மா காதில் விழுந்திருக்கிறது. என் நம்பரை வாங்கி, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, எனக்கு வாசித்தார். கன்னட வாடை அடிக்கும் தமிழ். "சார், இது என்ன நம்பர்னு எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். நூத்தித் தொண்ணூத்தி ஆறு. ஒம்பது. எழுபத்தி ரெண்டு. எழுபத்தி மூணு. இருநூத்தி நாப்பத்தி அஞ்சு."

அவருக்கு அது வெறும் எண். எனக்கு அது என் வீடு. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். பெட்டி உயிரோடு இருக்கிறது, அப்படியென்றால் அது இருக்கும் மாடி நிற்கிறது, வீடும் நிற்கிறது. ஆனால் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. பேனலில் ஒன்பதுதான். மேகம் மூடியிருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மா அன்று முழுக்க ஒரு மணிக்கு ஒரு தடவை வாசித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். மழை விடுமுறையாம், வீட்டில்தான் இருக்கிறேன், தொந்தரவு இல்லை என்றார். மத்தியானத்துக்கு மேல் ஈரப்பதம் குறைந்தது. காற்றின் சூடு ஏறியது. மரக்காணத்தில் வெயில் அடிக்கிறது. ஆனால் பேனல் எண் மட்டும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. வெயில் அடித்தும் பேனலில் விழவில்லை என்றால் அதன்மேல் ஏதோ விழுந்து மூடிக் கிடக்கிறது. அதை எடுத்துப்போட மாடியில் யாரும் இல்லை. ஏன் இல்லை என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

நூற்று எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் பெட்டி தானாக அணைந்துவிடும். பேட்டரி பாழாகக் கூடாதென்று நானே செய்து வைத்த ஏற்பாடு. என்ன ஒரு புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு என்னையே திட்டிக்கொண்டேன். சாயங்காலம் அந்த அம்மாகூடத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், மொதல் நம்பர் கம்மி ஆயிட்டே இருக்கு. அது நல்லதா, கெட்டதா?" நல்லதுதான் மேடம் என்று பொய் சொன்னேன். அவரைப் பயமுறுத்தி என்ன ஆகப் போகிறது.

அடுத்த நாள் காலை. ஊர்க் கணக்கில் எட்டரை மணிக்கு வந்தது நூற்றுத் தொண்ணூறு, ஒன்பது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மணிக்கு ஒரு தடவை அனுப்புகிறவர் இந்தத் தடவை பத்து நிமிடத்திலேயே மறுபடி அனுப்பினார். குரலில் ஒரு படபடப்பு. "சார், ரெண்டாவது நம்பர் மாறிடுச்சு. நூத்தி அறுபத்தி நாலு. தப்பா கேட்டேனோன்னு ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். நூத்தி அறுபத்தி நாலுதான்."

பாண்டிச்சேரி நண்பர் நம்பவில்லை. "சென்சார்ல தண்ணி பூந்திருக்கும்ப்பா, ரொம்ப ஆசப்படாத" என்று அந்த அம்மா வழியாகவே சொல்லியனுப்பினார். எனக்கும் சந்தேகம்தான். மேலே கிடந்தது காற்றில் பறந்திருக்கலாம். அதோடு, பாத்தியில் நான் பேனலைத் தெற்குப் பார்த்து வைத்திருந்தேன், மாடியிலும் அவள் அதே பக்கம்தான் வைத்திருந்தாள் என்று எண்களே சொல்லின. எட்டேமுக்காலுக்கு அதில் தொண்ணூறுக்கு மேல் வரவே வராது. ஏழு மாதமாக வேறு வேலையில்லாமல் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று அறுபது உச்சி வெயிலில் வரும் எண். காலையில் எப்படி வரும்?

இனி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்ல முடியுமா என்று அந்த அம்மாவைக் கெஞ்சினேன். சரி என்றார். காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். நூற்று அறுபத்து நான்கிலிருந்து மெல்ல இறங்கி நூற்று ஐம்பதுக்கு வந்தது. திடீரென்று நூற்று எண்பத்திரண்டு. மறுபடி இறக்கம். பன்னிரண்டரைக்கு மறுபடி ஏற்றம். இரண்டு மணிக்கு மேல் ஒருதரம். நான்கு மணிக்கு ஒருதரம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேனல் வெயிலைப் பார்த்துத் திரும்புகிறது. காலையில் கிழக்கே பார்த்தது, உச்சிப்பொழுதில் மேலே பார்த்தது, சாயங்காலம் மேற்கே பார்க்கிறது. காற்று எதையாவது தள்ளும், கவிழ்க்கும். சூரியன் பின்னாலேயே போய் ஒரு பலகையைத் திருப்பி வைக்காது. அதை ஒரு கை செய்கிறது. மாடியில் ஆள் இருக்கிறது. அவள் இருக்கிறாள்.

கன்ட்ரோல் ரூமில் நாலு நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். எழுந்து பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஏழு மாதமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. வெளியே வந்ததும் பெங்களூர் அம்மாவுக்கு, என் மனைவி உயிரோடு இருக்கிறாள் மேடம் என்று அனுப்பினேன். எந்த நம்பரில் சார் அது தெரிந்தது என்று கேட்டார். நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பி விளக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருந்தது.

அதற்கு மறுநாள் ஊரில் டவர் வந்தது. அவளே கூப்பிட்டாள். அம்மாவிடம் கொடுக்காமல் அவளே பேசினாள். புயல் அன்று இருவரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்களாம். தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் காலையில்தான் வீட்டுக்கு வந்தார்களாம். எனக்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை. பேனலைத் திருப்பியது நீதானா என்றுதான் கேட்டேன்.

"பின்ன யாரு? பொட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சிது. அதுக்கு வெயிலு பத்தலன்னு தெரிஞ்சிது. உப்பு வெளைய வெக்கிறவளுக்கு வெயிலு எந்தப் பக்கம் வருதுன்னு யாராவது சொல்லித் தரணுமா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அது நின்னுபோச்சின்னா நீங்க அங்க சோறு தண்ணி இல்லாம கெடப்பீங்கன்னு தெரியாதா எனக்கு?"

நான் அந்தப் பழைய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "அதுக்குப் போன்ல வாணாம். நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் வெளியே வந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். பையை வாங்க வரவில்லை. இன்னும் கோபமா என்று நினைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் பார்க்கிறேன், முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. பதறிப்போய் என்னவென்று கேட்டால், வழுக்கிவிட்டது, சரியாகிவிடும், காபி போடட்டுமா என்கிறாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவ எங்கடா சொல்லப்போறா? பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும், வூட்டுக்குள்ள சேறு கெடக்குது, அடுப்பு முங்கிக் கெடக்குது, எதயும் பாக்கல. நேரா மாடிக்கிப் போனா. பக்கத்து வூட்டுத் தகரம் பறந்து வந்து உன் கண்ணாடிப் பலக மேல வுழுந்து கெடந்திது. அத இழுத்துத் தள்ளும்போதுதான் பாசியில வழுக்கி, கைய ஊனி வுழுந்தா. ஆ-ன்னு ஒரு சத்தம். நான் ஏறிப் போய்ப் பாக்கறதுக்குள்ள, கையத் துணியில கட்டிக்கினு, அந்தப் பலகயத் தூக்கி பிளாஸ்டிக் சேர்ல சாத்தி வெச்சிட்டா. ரெண்டு நாளு ஒத்தக் கையால சேரத் திருப்பித் திருப்பி வெச்சிக்கினு இருந்தா. ரோடு சரியான பின்னாலதான் ஆஸ்பத்திரிக்கே போனோம்."

அந்தக் காகிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒன்பது என்று எழுதி, அதற்குக் கீழே நூற்று அறுபத்து நான்கு என்று எழுதி, சந்தோஷத்தில் இரண்டு கோடு போட்டிருந்தேன். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருந்த பத்து நிமிடத்தில்தான் அவள் கை முறிந்திருக்கிறது.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கடலத் தாண்டி வந்து கட்டு போட்டுருப்பீங்களா? சும்மா அங்க உக்காந்து அழுவீங்க" என்று சிரித்தாள். நான் அழத்தான் செய்தேன், அவள் மடியில் தலை வைத்து, அம்மா பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காமல். நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பையும் அப்படியே கேட்டேன். அவள் இடது கையால் என் தலையைத் தடவிக்கொண்டு, "சரி வுடுங்க, மாவுக்கட்டு நனையிது" என்றாள்.

லீவு முடிந்து மறுபடி மேடைக்கு வந்துவிட்டேன். காண்ட்ராக்ட் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கை கூடிவிட்டது, ஆனால் குளிர்காலத்தில் வலிக்கிறதாம், அதையும் அம்மா சொல்லித்தான் தெரியும். பெட்டி மறுபடி பாத்தி ஓரத்துக்குப் போய்விட்டது. இப்போதும் எனக்கு இருட்டாக இருக்கும்போதே ஊரில் விடிவதைப் பேனல் எண்ணில் பார்க்கிறேன். இருபது வருடமாக அளவுமானிகளோடு பிழைக்கிறவன் நான், அளவு இறங்கினால் ஓட வேண்டும், சரியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஐந்து எண்ணும் அருமையாக இருக்கும் நாளில்தான் எனக்கு உட்கார முடிவதில்லை. அன்றைக்கு முதல் வேலையாகப் போன் போட்டு, அவள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் என்னால் சாப்பிடவே முடிகிறது.